ஆறு வாரம் என்று கிளம்பியவர்கள்: பிளஃப் பயணக் குறிப்புகள்

நாள் 1: சால்ட் லேக் சிட்டி

காலை ஒன்பது மணிக்கே நானும் அக்காவும் நூலக வாசலில் நின்றுவிட்டோம். மோர்மன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவச் சபையின் வரலாற்று நூலகம், 2009-ல் திறந்த கட்டடம், கோயில் சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சபையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை, கட்டணமும் இல்லை. பதிவு செய்துகொண்டு, பையை லாக்கரில் வைத்துவிட்டு, பென்சிலும் தாளும் மட்டும் எடுத்துப் போகலாம். பேனாவுக்கு அனுமதி கிடையாது. ஒரு சொட்டு மை நூற்றைம்பது வருஷத்துத் தாளில் விழுந்தால் யாராலும் திருப்பி எடுக்க முடியாதே.

நான் தேடி வந்தது பிளஃப் என்ற ஊரை. யூட்டா மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், சான் ஹுவான் ஆற்றங்கரையில், செம்பாறைச் சுவர்களுக்கு நடுவே இருக்கிறது. இன்றைக்கும் அங்கே சில நூறு பேர்தான். அந்தச் சின்ன ஊருக்கு எழுத்தில் கிடக்கும் சாட்சியம் மலைக்க வைக்கிறது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. 1830 ஏப்ரல் 6 அன்று ஜோசப் ஸ்மித் சபையை முறையாகத் தொடங்கினார். அன்றைக்கே அவர் தந்த வெளிப்பாட்டில், உங்களிடையே ஒரு பதிவேடு வைக்கப்பட வேண்டும் என்ற கட்டளை இருக்கிறது. அதை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். எத்தனை சின்ன ஊரானாலும் சபைக்கு ஓர் எழுத்தர் உண்டு. பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், இறப்பு, யார் ஊருக்கு வந்தார், யார் விட்டுப் போனார், எல்லாம் நோட்டில் ஏறும். பெண்களின் நிவாரண சங்கத்துக்குத் தனி மினிட்ஸ் நோட்டு. சபைக்குத் தரும் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தின் கணக்கு தனி. கையில் காசு புழங்காத ஊர்களில் தசமபாகம் என்றால் முட்டை, வைக்கோல், கோதுமை. பிற்பாடு ஆண்ட்ரூ ஜென்சன் என்பவர், டென்மார்க்கில் பிறந்தவர், ஊர் ஊராகப் போய் இந்த ஏடுகளையெல்லாம் திரட்டித் தொகுத்தார். அந்த மனிதருக்கு என் கும்பிடு.

பிளஃபைப் பற்றிய கையெழுத்துகள் எல்லாம் ஒரே இடத்தில் இல்லை. சில இங்கே, சில ப்ரோவோவில் உள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில், மீதி வெவ்வேறு இடங்களிலும் குடும்பங்களின் பெட்டிகளிலும். பல ஏடுகளுக்குப் பேரப் பிள்ளைகள் தட்டச்சு செய்த பிரதிதான் கைக்கு வருகிறது. அதில் கவனம் வேண்டும். தட்டச்சு செய்தவர் எழுத்துப்பிழையைத் திருத்தியிருப்பார், தாத்தாவுக்கு மரியாதை குறையும் என்று ஏதாவது ஒரு வரியை விட்டும் இருப்பார்.

கதைச் சுருக்கம் இதுதான். 1878 டிசம்பர் கடைசியில் பரோவான் ஊரில் நடந்த சபை மாநாட்டில் சில குடும்பங்களின் பெயர் வாசிக்கப்பட்டது. சான் ஹுவான் பக்கம் போய்க் குடியேறுங்கள் என்று அழைப்பு. 1879 இலையுதிர் காலத்தில் கிளம்பினார்கள். சுமார் 250 பேர், 83 வண்டிகள், கூடவே ஆடு, மாடு, குதிரை. தலைவர் சைலஸ் ஸ்மித், அவருக்கு அடுத்தவர் பிளாட் லைமன். குறுக்கு வழி என்று எஸ்கலான்டே ஊர்ப் பக்கமாக இறங்கினார்கள். ஆறு வாரத்தில் போய்ச் சேர்வோம் என்று நினைத்தவர்களுக்கு ஆறு மாசம் ஆனது. குறுக்கே கொலராடோ ஆற்றின் பெரும் பள்ளத்தாக்கு. இறங்க வழி கிடையாது, பாறையில் ஒரு பிளவு மட்டும் இருந்தது. அதைத்தான் 'பாறையில் ஓட்டை' என்ற அர்த்தத்தில் ஹோல்-இன்-தி-ராக் என்று அழைத்தார்கள்.

லைமனின் நாட்குறிப்பை இன்று வாசித்தேன். 1880 ஜனவரி 26. இந்த முகாமின் வண்டிகள் எல்லாவற்றையும் ஓட்டை வழியாக இறக்கினோம், 26 வண்டிகளை ஆற்றைக் கடத்தினோம், படகு ஒரு ஜோடித் துடுப்பில் நன்றாக வேலை செய்கிறது. அவ்வளவுதான். ஆறு வாரம் பாறையை உடைத்த பிறகு வந்த நாளைப் பற்றி மனிதர் எழுதியது அவ்வளவே.

அப்புறம் எலிசபெத் டெக்கர் என்ற இளம் தாய் தன் பெற்றோருக்கு எழுதிய கடிதம். தேதி 1880 பிப்ரவரி 22. முதல் வண்டி இறங்கியதைப் பார்த்தபோது பயத்தில் செத்தே போயிருப்பேன் என்கிறாள். பிரேக் போட்டு, பின்சக்கரங்களை உருளவிடாமல் கட்டி, பெரிய கயிறு மாட்டி, பத்து ஆள் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தும், எல்லாம் நொறுங்கிவிடும் போல அது பாய்ந்து இறங்கியதாம். அவர்கள் நடந்து இறங்கும்போது சின்ன மகன் வில்லி திரும்பி மேலே பார்த்து அழுதானாம். எப்படித் திரும்பி வீட்டுக்குப் போவோம் என்று கேட்டானாம்.

அக்கா அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கி மறுபடி படித்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

நாள் 2: எஸ்கலான்டே

நாள் முழுக்கக் கார். அக்காதான் பெரும்பாலும் ஓட்டினாள். எஸ்கலான்டேயில் மோட்டல், சூடான சூப், சீக்கிரம் தூக்கம். 1879 நவம்பரில் இந்த ஊரைத் தாண்டிப் போனவர்களுக்குப் பின்னால் மலைக் கணவாய்களில் பனி விழுந்து மூடிவிட்டது. முன்னால் வழி இருக்கிறதா என்று தெரியாது, பின்னால் வழி இல்லை என்பது தெரியும். அந்த நிலையில்தான் போயே தீருவது என்று டிசம்பரில் முடிவெடுத்தார்கள்.

நாள் 3: ஓட்டையின் வாய்

ஊருக்குக் கிழக்கே ஐந்து மைலில் தார் ரோட்டை விட்டு மண்ரோடு பிரிகிறது. ஐம்பது மைலுக்கு மேல். அலை அலையாக வரி விழுந்த மண், வண்டிக்குள் பல் கிட்டிக்கிறது. கடைசிச் சில மைல்களுக்கு நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி இல்லாமல் போகக் கூடாது. தண்ணீரும் பெட்ரோலும் இங்கிருந்தே எடுத்துப் போக வேண்டும். போக நினைப்பவர்கள் மழை எச்சரிக்கை இருக்கும் நாளில் தயவுசெய்து முயற்சி செய்யாதீர்கள். களிமண் நனைந்தால் வண்டி அப்படியே நின்றுவிடும்.

பாதி வழிக்கு மேல் டான்ஸ் ஹால் ராக். ஒரு பக்கம் குடைந்தது போல வளைந்த மணற்பாறை, அடியில் ஓரளவு சமமான தரை. பகல் முழுக்க வேலை, இரவில் இங்கே ஃபிடில் வாசித்து ஆடியிருக்கிறார்கள். குளிர்காலத்தில், எரிக்கச் செடி மட்டுமே கிடைக்கிற இடத்தில். நான் போய் நடுவில் நின்று கைதட்டினேன். பாறை சத்தத்தைச் சுருட்டித் திருப்பிக் கொடுத்தது. அக்கா சிரித்துக்கொண்டே இரண்டு சுற்று ஆடினாள், அறுபது வயதில்.

பிற்பகலில் ஓட்டைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

படத்தில் பார்த்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. சமதரை திடீரென்று முடிகிறது. ஒரு பிளவு. இரண்டு பக்கமும் சுவர், நடுவில் ஒரு வண்டி போகிற அகலம், கீழே ஏறக்குறைய ஆயிரம் அடி ஆழத்தில் அன்று கொலராடோ ஆறு. இன்று அங்கே பவல் ஏரியின் நீலத் தண்ணீர். 1963-லிருந்து அணைத் தண்ணீர் ஏறியதில் அவர்கள் போட்ட பாதையின் அடிப்பகுதி மூழ்கிப்போனது.

மேல்முனையில் செங்குத்தாக நின்ற பாறையை வெடி வைத்து உடைத்திருக்கிறார்கள். அதைச் செய்ய வேல்ஸ் சுரங்கங்களில் வேலை பார்த்திருந்த பெஞ்சமின் பெர்கின்ஸும் ஹைரம் பெர்கின்ஸும் இருந்தார்கள். வெடிமருந்து போதவில்லை. ஓரிடத்தில் பாதை போடத் தரையே இல்லை, பக்கச் சுவர் மட்டும்தான். அங்கே பெஞ்சமின் செய்த யோசனை இன்றும் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது. சுவரில் வரிசையாகத் துளை போட்டார்கள். துளைகளில் ஓக் மர முளைகளை அடித்தார்கள். முளைகளின் மேல் மரக்கட்டை, அதன்மேல் செடி, அதன்மேல் கல், மண். வண்டியின் உள்சக்கரம் பாறையில் வெட்டிய தடத்தில், வெளிச்சக்கரம் இந்தத் தொங்கு தடத்தில். ஊர்க்காரர்கள் அதற்கு 'பென் மாமாவின் பாதை' என்று பெயர் வைத்தார்கள்.

கொஞ்ச தூரம் இறங்கினேன். பெரிய பெரிய பாறைகள் விழுந்து பாதையை அடைத்திருக்கின்றன, உட்கார்ந்து சறுக்கித்தான் இறங்க வேண்டும். சுவரில் கையை வைத்தேன். மணற்பாறை உரசி உள்ளங்கை சிவந்தது. இந்தச் சுவருக்கு நடுவே குதிரைகள் எப்படி இறங்கின என்று யோசிக்கும்போதே வயிற்றைக் கலக்கியது.

இங்கே இன்னொரு கதையைச் சொல்ல வேண்டும். ஜோசப் ஸ்டான்ஃபோர்டு ஸ்மித் என்பவர் நாள் முழுக்கக் கீழே நின்று மற்றவர்களின் வண்டிகளை இறக்க உதவினார். எல்லாம் முடிந்து பார்த்தால் மேலே அவருடைய வண்டி மட்டும் நிற்கிறது. மனைவி அரபெல்லாவும் மூன்று பிள்ளைகளும் காத்திருக்கிறார்கள். உதவிக்கு ஆள் யாரும் மிஞ்சவில்லை. அரபெல்லா பிள்ளைகளை ஒரு கம்பளத்தில் உட்கார வைத்துவிட்டு, பின்னால் கட்டிய குதிரையின் கயிற்றைத் தானே பிடித்துக்கொண்டாள். வண்டி பாய்ந்தது, குதிரை விழுந்தது, அவள் இழுபட்டாள், கால் கிழிந்தது. வண்டி கவிழவில்லை. கணவர் மறுபடி மேலேறிப் போனபோது பிள்ளைகள் வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

இது லைமனின் நாட்குறிப்பில் இல்லை. வண்டிகளை இறக்கினோம் என்ற அந்த ஒரு வரிக்குள் அவள் காலும் இருக்கிறது. குடும்பத்தில் வாய்வழியாகச் சொல்லிச் சொல்லி, பின்னால் யாரோ எழுதி வைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது. சொல்லச் சொல்ல மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் தலைவரின் ஏட்டை மட்டும் நம்பியிருந்தால் அந்த நாளில் ஒரு பெண்ணுமே இருந்திருக்க மாட்டாள். இந்தப் பிளவில் நின்று சொல்கிறேன், இரண்டும் வேண்டும்.

திரும்பும் வழியில் ஒரு டயர் போனது. இருட்டுவதற்குள் மாற்றிவிட்டோம்.

நாள் 4: சால்வேஷன் நால்

எஸ்கலான்டேயிலிருந்து பிளஃபுக்கு இன்று தார் ரோட்டில் ஐந்தாறு மணி நேரம், பெரிய வளைவாகச் சுற்றிப் போக வேண்டும். 95-ஆம் நெடுஞ்சாலையில் ஒரு சின்ன மேடு. அறிவிப்புப் பலகை இருக்கிறது, மேலே ஏறப் பத்து நிமிஷம்.

1879 டிசம்பரில் வழி பார்த்து வர நான்கு பேரை முன்னால் அனுப்பினார்கள். ஜார்ஜ் ஹாப்ஸ், லெமுவேல் ரெட், ஜார்ஜ் மோரல், ஜார்ஜ் செவி. பனியில் வழி தவறி, சாப்பாடும் தீர்ந்து, கிறிஸ்துமஸ் அன்று ஹாப்ஸ் இந்த மேட்டில் ஏறினார். வடகிழக்கே அபாஹோ மலை தெரிந்தது. அதை வைத்துத் திசை பிடித்தார்கள். பிழைத்தார்கள். மேட்டின் பெயர் அதனால் 'மீட்பு மேடு'.

இன்று மேகம் இல்லை. அபாஹோ மலை நன்றாகவே தெரிந்தது. சுற்றிலும் ஜூனிப்பர் மரம், எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி.

நாள் 5: சான் ஹுவான் ஹில்

கொலராடோவைக் கடந்ததோடு கஷ்டம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். இல்லை. அதற்குப் பிறகு வழுக்குப் பாறைகள், கிரே மேசா என்ற மேட்டுநிலம், களிமண் மலை, ஜூனிப்பர் காட்டில் மரம் வெட்டி வெட்டிப் போட்ட பாதை. கிரே மேசாவில் பனிப்பொழிவுக்கு நடுவே ஒரு பிள்ளை பிறந்தது. அவன் பெயர் ஜான் ரியோ லார்சன். வழியில் பிறந்தவை இரண்டு குழந்தைகள். ஒரு சாவுகூட இல்லை.

அக்கா டென்வரில் முப்பது வருஷம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள். "வண்டியில, பனியில, சுடுதண்ணி எங்கேருந்துடா வந்திருக்கும்?" என்று இரண்டு தரம் கேட்டாள். பனியை உருக்கியிருப்பார்கள் என்றேன். "அதுக்கு விறகு வேணுமே" என்றாள்.

கடைசித் தடை கோம்ப் ரிட்ஜ். பல மைல் நீளத்துக்குக் கல்லால் எழுப்பிய மதில் போல நிற்கும் பாறை வரிசை. தாண்ட வழியில்லாமல் தெற்கே ஆறு வரைக்கும் வந்து, அங்கே ஒரு ஏற்றத்தில் பாதை வெட்டினார்கள். அதுதான் சான் ஹுவான் ஹில். காலையில் மணல் ரோட்டில் போய்ச் சேர்ந்தோம். ஏறினால் மூச்சு வாங்குகிறது, கையில் தண்ணீர்ப் பாட்டில் மட்டும்தான் இருந்தது.

குதிரைகள் குளிர்காலம் முழுக்க ஒழுங்கான தீனி இல்லாமல் எலும்பும் தோலுமாக இருந்தன. ஒரு வண்டிக்கு ஏழு ஜோடி வரை பூட்டினார்கள். சில குதிரைகள் முழங்காலில் விழுந்து எழப் போராடும்போது மற்றவை இழுக்கட்டும் என்றுதான் அத்தனை. கடைசி வண்டி ஏறியபோது பாதையில் ரத்தமும் ரோமமும் ஒட்டிக் கிடந்ததாம். இதைச் சொன்னது லெமுவேல் ரெட் ஜூனியரின் மகன். என் அப்பா உறுதியான மனிதர், ஆனால் இந்த மலையை நினைத்தால் மட்டும் அழுதுவிடுவார் என்கிறார்.

மேலே பாறையில் யாரோ செதுக்கிய வரி மங்கலாக இருக்கிறது: இறைவா, உமக்கு நன்றி. குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

1880 ஏப்ரல் 6 அன்று பிளஃப் இருக்கும் இடத்துக்கு வந்தார்கள். சபை தொடங்கி, பதிவேடு வையுங்கள் என்று கட்டளை பிறந்து, அன்றோடு சரியாக ஐம்பது வருஷம். அவர்கள் போக நினைத்த இடம் மான்டெசூமா கிரீக், இன்னும் கொஞ்சம் கிழக்கே. ஆனால் மனிதருக்கும் மாட்டுக்கும் இனி ஓர் அடி வைக்கத் தெம்பில்லை. இறங்கிவிட்டார்கள்.

நாள் 6: பிளஃப்

பிளஃப் கோட்டை என்று இன்று அழைக்கும் வளாகத்தில் பழைய குடில்களைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். அசலாக மிஞ்சியது பார்ட்டன் குடும்பத்தின் குடில் ஒன்றுதான். காட்டன்வுட் மரக் கட்டைகள், ஒன்றுகூட நேராக இல்லை. இடைவெளியெல்லாம் மண் பூசி அடைத்திருக்கிறார்கள். குடில்களின் கதவுகள் உள்முற்றத்தைப் பார்த்து இருந்தன, வெளிப்பக்கம் சுவர். கூட்டுறவுக் கடையையும் மறுபடி கட்டி, அதிலேதான் வரவேற்பு வைத்திருக்கிறார்கள்.

நான் இங்கே பார்க்க விரும்பியது வாய்க்கால். கடந்த இரண்டு இரவாக லைமனின் நாட்குறிப்பில் ஏப்ரல் 1880-க்குப் பிந்தைய பக்கங்களைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். வாய்க்கால் வேலை. வாய்க்கால் வேலை. திரும்பத் திரும்ப அதே. ஓட்டையைப் பற்றி அத்தனை பேர் பேசுகிறார்கள், வாய்க்காலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஓட்டைக்கு ஆறு வாரம். வாய்க்காலுக்கு வருஷக் கணக்கு.

சான் ஹுவான் ஆறு அப்படிப்பட்டது. வண்டல் நிறைந்த தண்ணீர், அடியெல்லாம் நகர்ந்துகொண்டே இருக்கும் மணல். கரையிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பினால் சில நாளில் மணல் ஏறித் தூர்ந்துவிடும். தூர் வாரினால் கரை உடையும். கரையைக் கட்டினால் மழைக்காலத்தில் வெள்ளம் வந்து தலைமதகோடு அடித்துக்கொண்டு போகும். விதை விதைத்துவிட்டுத் தண்ணீருக்கு ஏங்கி நிற்பார்கள், ஆறு பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். 1884 வெள்ளம் பெரிய அடி. எல்லாரும் கிளம்பிவிடலாம் என்ற பேச்சு வந்தது.

போகாமல் நிறுத்தியவர்களில் முக்கியமானவர் பிஷப் ஜென்ஸ் நீல்சன். டென்மார்க்காரர். 1856-ல் கைவண்டி இழுத்துக்கொண்டு வில்லி என்பவர் தலைமையில் யூட்டாவுக்கு வந்த குழுவில் இருந்தவர், அந்தப் பனியில் கால் உறைந்துபோய், மனைவி எல்ஸி அவரைக் கைவண்டியில் வைத்து இழுத்து வந்தார். அதிலிருந்து வாழ்நாள் முழுக்க நொண்டித்தான் நடந்தார். கடமையை விடாதே என்பதை அவருடைய டேனிஷ் நாக்கில் 'ஸ்டிக்கி-டா-டூடி' என்பாராம். ஊரே அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. 1880-லிருந்து 1906-ல் இறக்கும் வரை அவர்தான் பிஷப்.

கடைசியில் ஊரைக் காப்பாற்றியது வயல் இல்லை, மாடு. 1885-ல் சபை வட்டாரத் தலைவராக வந்த ஃபிரான்சிஸ் ஹேமண்ட், ஆற்றோடு மல்லுக்கட்டுவதை விட்டு மேய்ச்சலுக்குத் திரும்பச் சொன்னார். ஆடும் மாடும் பெருகின. இன்று தெருக்களில் நிற்கும் அழகான செங்கல், மணற்கல் வீடுகள் மாட்டுக் காசில் வந்தவை. பலர் மலைப்பக்கம் தண்ணீர் உள்ள இடத்துக்கு நகர்ந்தார்கள், 1887-ல் மான்டிசெல்லோ, 1905-ல் பின்னால் பிளாண்டிங் ஆன ஊர்.

மேட்டில் இருக்கும் மயானத்துக்கு மதியம் ஏறினோம். வெறும் சரளைக்கல், காற்று. நீல்சனின் கல் இருக்கிறது. டெக்கர் என்ற பெயரில் கற்கள். 1900-ன் கடைசியில் டிப்தீரியா வந்தபோது ஜேம்ஸ் டெக்கரும் அவர் பிள்ளைகள் சிலரும் அடுத்தடுத்துப் போனார்கள். ஓட்டையைத் தாண்டி ஒரு சாவும் இல்லாமல் வந்தவர்கள். அக்கா கல்லில் இருந்த மண்ணைக் கையால் துடைத்தாள்.

ஜோஸஃபின் சாட்டர்லி உட் என்ற பெண்ணைப் பற்றி அவளிடம் சொன்னேன். 1882-ல் வந்தவள். எந்தப் பயிற்சியும் இல்லாத அவளைக் கூப்பிட்டு, நீதான் இனி ஊர் மருத்துவச்சி என்று பிஷப் சொல்லிவிட்டார். ஊர்க்காரர்களுக்கு அவள் 'ஜோடி' (Jody) அத்தை. வெள்ளையர் வீட்டுப் பிரசவத்துக்கு மட்டுமில்லை, பூர்வகுடிகள் கூப்பிட்டாலும் போயிருக்கிறாள். "மொதல் பிரசவத்துக்குப் போகும்போது கை நடுங்கியிருக்கும்டா" என்றாள் அக்கா. "எனக்கு ட்ரெய்னிங் முடிச்சும் நடுங்குச்சு."

சாயங்காலம் ஆற்றங்கரையில் சாண்ட் ஐலண்ட் பாறைச் செதுக்கல்களைப் பார்த்தோம். நீண்ட பாறைச் சுவர் முழுக்கச் செதுக்கல்: கொம்பாடுகள், மனித உருவங்கள், புல்லாங்குழல் வாசிப்பவன். மோர்மன்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நவஹோ நிலம். 1864-ல் ராணுவம் அவர்களை நெடுநடையாக விரட்டி, 1868-ல் திரும்ப விட்டது. யூட், பையூட் மக்களுக்கும் இது வேட்டைக்காடு, மேய்ச்சல் நிலம். நான் வாசித்த ஏடுகளில் இவர்கள் எல்லாரும் குதிரை காணாமல் போன கணக்கிலோ, ரொட்டி கேட்டு வாசலுக்கு வந்தவர்களாகவோதான் வருகிறார்கள். பேச்சுவார்த்தைக்குத் தேல்ஸ் ஹாஸ்கெல் என்ற மொழிபெயர்ப்பாளர் இருந்தார், ஆக அவர்கள் பேசியிருக்கிறார்கள். பேசியது ஏட்டில் ஏறவில்லை. இந்த ஊரின் எழுத்துகளை எத்தனை நேசித்துப் படித்தாலும் எனக்கு உறுத்துகிற இடம் இது. மாடு மேய்ந்து தீர்த்த புல் யாருடையது என்று எந்த எழுத்தரும் எழுதவில்லை.

இருட்டுவதற்கு முன் ஆற்றில் இறங்கி ஒரு கிளாஸில் தண்ணீர் மொண்டு வந்தோம். மோட்டல் மேஜையில் வைத்திருக்கிறேன். ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, அடியில் ஒரு விரற்கடை மணல் படிந்திருக்கிறது, மேலே இன்னும் தெளியவில்லை.

நாளை காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறோம். மான்டிசெல்லோ வழியாக டென்வர். எட்டு மணி நேரம் என்கிறது போன்.